எல்லை தாண்டினா பழக்கம் ஏன் மாறுது? கடலூர்–புதுச்சேரி குடி பற்றி ஒரு விவாதம்

பெண்ணையாற்றங்கரை

கடலூர்ல மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் பக்கம் எனக்குத் தெரிஞ்ச பல பேர் உள்ளூர்ல குடிக்க மாட்டாங்க. டாஸ்மாக் இருக்கிற தெருவுல வண்டியை நிறுத்தவே யோசிப்பாங்க. யாராவது பார்த்து வீட்டுல சொல்லிடுவாங்கன்னு பயம். அதே ஆட்கள் ஆல்பேட்டை தாண்டி, புதுச்சேரி எல்லைக்குள்ள இருக்கிற முள்ளோடை வந்ததும் கூச்சமே இல்லாம கடைக்குள்ள போறாங்க. அதுக்குள்ள ஒருத்தர் குணம் மாறிடுமா? ஆள் அதே ஆள்தான். சுத்தி இருக்கிறவங்க மாறிட்டாங்க. அதைப் பத்திப் பேசத்தான் இந்த இழை.

இது நேத்து வந்த பழக்கமும் இல்ல. 1937ல ராஜாஜி சேலத்துல மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1948ல சென்னை மாகாணம் முழுக்க வந்துடுச்சு. அப்போ புதுச்சேரி பிரெஞ்சுக்காரங்க கையில, அங்க கடை திறந்தே இருந்தது. 1954 நவம்பர் 1ல இந்தியாவோட சேர்ந்த பிறகும் நம்ம மதுவிலக்கு அங்க போகல. இந்தப் பக்கம் 1971ல திறந்தாங்க, 1974ல மூடினாங்க, 1981ல மறுபடி திறந்தாங்க. 2003லேர்ந்து சில்லறை விற்பனையே டாஸ்மாக் கைக்குப் போச்சு. இவ்வளவு காலமும் கடலூர் ஆளுக்குக் குடின்னா பாண்டிதான். எங்க தாத்தா காலத்துல சட்டத்துக்குப் பயந்து போனாங்க. இப்போ நம்ம ஊர்லயே கடை இருக்கு, இருந்தும் போறோம்.

விலை ஒரு காரணம்னு தெரியும். வயசு இன்னொண்ணு, இங்க 21, அங்க 18. ஆனா சம்பளத்துக்குக் குறைவில்லாத, நாப்பது வயசு தாண்டினவங்களும் போறாங்களே. அவங்களை எது கூட்டிட்டுப் போகுது?

பாகூர் ஏரிக்கரை

அண்ணே, நல்ல கேள்வி. ஆனா எங்க ஊரைப் பத்தி வெளியில இருக்கிற நினைப்பையும் சேர்த்துப் பேசுங்க. புதுச்சேரின்னு சொன்னாலே "ஓ, பாண்டியா?"ன்னு ஒரு சிரிப்பு. வெளியூர்ல வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என்கிட்ட "வரும்போது என்ன வாங்கிட்டு வருவ?"ன்னுதான் கேட்டாங்க. எங்க தெருவுல பெரும்பாலான வீட்டுல குடிக்கிறதில்ல. கடை பக்கத்துலயே இருக்கு, சின்ன வயசுலேர்ந்து பார்த்துப் பழகிட்டோம், அதுல புதுசா ஒண்ணும் இல்ல.

கன்னியக்கோவில் பக்கம் ரோட்டோரத்துல விழுந்து கிடக்கிற ஆள் யாருன்னு விசாரிச்சுப் பாருங்க. பாதிக்கு மேல அந்தப் பக்கத்துலேர்ந்து வந்தவங்களா இருக்கும். அவங்களை நான் தப்பாச் சொல்லல. தன் ஊர்ல விழுந்தா தூக்கி விடுறவன் சித்தப்பாவா இருப்பான். இங்க யாருக்கும் யாரையும் தெரியாது. அதனாலதான் இங்க அளவு மீறுறாங்க. நாங்களும் அப்படித்தான், எங்க பசங்க சென்னை போனா அங்க ஆடுறாங்க.

இன்னொண்ணு. 2020 மே மாசம் கொரோனா ஊரடங்குக்கு அப்புறம் எங்க ஊர்ல கடை திறந்தப்போ சிறப்பு வரி போட்டு, விலையை ஏறக்குறைய தமிழ்நாட்டு விலைக்கே ஏத்தினாங்க. வெளியூர்க் கூட்டம் வரக்கூடாதுன்னுதான். அப்போ இந்த ரோடு எவ்வளவு அமைதியா இருந்தது தெரியுமா? விலையைச் சாதாரணமா நினைக்காதீங்க.

உப்பனாறு

பாகூர் நண்பருக்கு ஒரு திருத்தம். அந்த மாதங்களில் மாவட்டம் தாண்டவே இ-பாஸ் வேண்டும். பேருந்தும் ஓடவில்லை. சாலை வெறிச்சோடியதற்கு வரியும் காரணமாக இருக்கலாம், பூட்டிய எல்லையும் காரணமாக இருக்கலாம். அந்த ஒன்றை வைத்து முடிவுக்கு வர முடியாது. நீங்கள் சொன்ன "யாருக்கும் யாரையும் தெரியாது" என்பதுதான் எனக்கு வலுவான காரணமாகப் படுகிறது.

நேர்வழி

நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன், கோபப்படாதீங்க. எங்க வீட்டுல குடி ஒரு உயிரை எடுத்திருக்கு. அதுக்கப்புறம் நான் தொட்டதில்ல. சிப்காட்டுல வேலை, ஷிப்ட் முடிஞ்சா கூட இருக்கிற அத்தனை பேரும் கூப்பிடுவாங்க. போக மாட்டேன். அதே ஊரு, அதே வேலை, அதே நண்பர்கள். சமூகம்தான் ஆளை உருவாக்குதுன்னா நான் எப்படி மிஞ்சினேன்?

சூழ்நிலை, சமூகம்னு பேசிப் பேசி குடிக்கிறவனுக்கு ஒரு சாக்கு கொடுத்துடறோம். பொண்டாட்டி தாலியை அடகு வைக்கும்போது யாரும் கையைப் பிடிச்சு இழுக்கல. அவனா நடந்து போனான். அந்தப் பொறுப்பை அவன்கிட்டேர்ந்து எடுத்துட்டா திருந்தறதுக்கு அவனுக்கு என்ன மிச்சம் இருக்கு?

உப்பனாறு

நேர்வழி, உங்கள் கேள்வி நியாயமானது. நான் கல்லூரியில் உளவியல் பாடம் எடுப்பவன். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்பவர் ஒரு சோதனை செய்தார். ஓர் அட்டையில் ஒரு கோடு. இன்னோர் அட்டையில் மூன்று கோடுகள். முதல் கோட்டின் நீளத்துக்குச் சமமானது எது என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். தனியாக உட்கார வைத்துக் கேட்டால் அநேகமாகத் தவறே வராது. ஆனால் அறையில் இருக்கும் மற்றவர்கள் எல்லாரும் சோதனைக்காரரின் ஆட்கள். ஒருவர் பின் ஒருவராக வேண்டுமென்றே ஒரே தவறான கோட்டைக் காட்டுவார்கள். கடைசியில் விஷயம் தெரியாத அந்த ஒருவரின் முறை வரும். நான்கில் மூன்று பேர் ஒரு தடவையாவது கூட்டத்தோடு சேர்ந்து தவறான பதிலைச் சொன்னார்கள். கண்ணுக்கு முன்னால் இருக்கும் கோடு. சொன்னால் லாபமும் இல்லை, சொல்லாவிட்டால் அடியும் இல்லை. அப்படியும் சொன்னார்கள்.

ஆனால் நான்கில் ஒருவர் கடைசிவரை அசையவே இல்லை. நேர்வழி, அந்த ஒருவர் நீங்கள். சமூகம் அழுத்துகிறது என்றால் எல்லாரும் நசுங்கிவிடுவார்கள் என்று பொருள் அல்ல. நசுங்காத ஒருவரைக் காட்டி, அழுத்தமே இல்லை என்று சொல்வதும் சரியல்ல.

இந்தச் சோதனையில் இன்னொரு பகுதி இருக்கிறது. பலர் அதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அறையில் இருப்பவர்களில் ஒரே ஒருவரை மட்டும் சரியான பதிலைச் சொல்ல வைத்தார் ஆஷ். உடனே கூட்டத்தோடு ஒத்துப்போவது பெரிய அளவில் விழுந்துவிட்டது. துணைக்கு நாலு பேர் தேவைப்படவில்லை, ஒருவர் போதும். சிப்காட்டில் நீங்கள் "நான் வரலப்பா" என்று சொல்லும்போது அந்த வட்டத்தில் இன்னொருவருக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று நீங்கள் அறிந்திருக்க மாட்டீர்கள்.

அடுத்தது 1993இல் வெளிவந்த ஓர் ஆய்வு. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்களிடம் டெபோரா பிரென்டிஸ், டேல் மில்லர் இருவரும் கேட்டார்கள்: இங்கே இருக்கும் குடிப் பழக்கம் உனக்குச் சங்கடமாக இருக்கிறதா, மற்ற மாணவர்களுக்கு எப்படி இருக்கும் என்று நினைக்கிறாய்? பெரும்பாலோர் சொன்னது: எனக்குக் கொஞ்சம் சங்கடம்தான், மற்றவர்களுக்கு அப்படி இல்லை. ஒவ்வொருவரும் தான் மட்டுமே வேறு மாதிரி என்று எண்ணிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் மூடியதால் எல்லாருக்கும் சம்மதம் என்று ஆகிவிட்டது.

இதை நம் ஊரோடு வைத்துப் பாருங்கள். 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் குடிப்பவர்கள் 100க்கு 19 பேர். தமிழ்நாட்டில் அதைவிட அதிகம், ஆனாலும் பாதியைத் தொடவில்லை. குடிக்காதவர்கள்தான் பெரும்பான்மை. அப்படியிருக்க "குடிக்கிறதில்லையா? ஏன்?" என்ற கேள்வி ஏன் குடிக்காதவரிடம் கேட்கப்படுகிறது?

பாகூர் ஏரிக்கரை

சார், வீட்டுக்கு வந்து நோட்டுல எழுதுறவங்ககிட்ட எவன் சார் உண்மையைச் சொல்லுவான்? பக்கத்துல அம்மா நிப்பாங்க.

உப்பனாறு

மறைப்பவர்கள் இருப்பார்கள், ஒப்புக்கொள்கிறேன். நாட்டுக் கணக்கை அப்படியே இரட்டிப்பாக்கினாலும் 38தான் வருகிறது.

குறிஞ்சிப்பாடி மேளம்

இந்த இழையைப் படிச்சுட்டுக் கடந்து போகலாம்னுதான் நினைச்சேன். முடியல.

எங்க அப்பா பறை அடிக்கிறவர். சுத்து வட்டாரத்துல எந்த ஊர்ல சாவு விழுந்தாலும் சொல்லி அனுப்புவாங்க. அடிக்கிற கை நல்ல கை, அடவு மாறும்போது கூட்டம் அப்படியே நிக்கும். ஆனா அவரோட கூலி என்னைக்கும் முழுசாப் பணமா வந்ததில்ல. போனதும் ஒரு குவார்ட்டர் கையில கொடுப்பாங்க. மதியம் ஒண்ணு. பாடை எடுக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு. "ஊத்தினாத்தான்டா நல்லா அடிப்பானுங்க"ன்னு அந்த வீட்டுப் பெரியவங்க எங்க காது கேக்கவே சொல்லுவாங்க. மிச்சம்தான் காசு. அதையும் அந்தப் பாட்டில் விலையைக் கழிச்சுக்கிட்டுத்தான்.

அவர் கல்யாணம் ஆகிற வரைக்கும் குடிச்சதில்லன்னு எங்க பாட்டி சொல்லும். வேண்டாம்னு சொன்ன முதல் தடவை, "என்னடா பெரிய ஆளாயிட்டியா?"ன்னு கேட்டாங்களாம். இந்தக் கேள்வியோட அர்த்தம் எங்க தெருவுல பிறந்தவனுக்குத்தான் தெரியும். வேண்டாம்னு சொல்றது அவங்க கண்ணுல குடி பத்தின பேச்சே இல்ல. நீ எங்க இருக்கணுமோ அங்க இருன்னு அதுக்குப் பதில் வரும். அடுத்த சாவுக்கு வேற ஆளைக் கூப்பிட்டாங்க. ரெண்டு மாசம் வீட்டுல கஷ்டம். அதுக்கப்புறம் வாங்கிக்க ஆரம்பிச்சார். முதல்ல கொண்டுவந்து மத்தவங்களுக்குக் கொடுத்தாராம். அப்புறம் அவரே குடிச்சார்.

இப்போ அந்த ஊர்க்காரங்க என்ன சொல்றாங்க தெரியுமா? "அவனுங்க எல்லாம் குடிகாரப் பசங்க, என்ன கொடுத்தாலும் குடிச்சே அழிப்பானுங்க." கொடுத்தது யாரு? பாட்டிலை நீட்டின கையே, அதைக் காரணம் காட்டி வீட்டு வாசல்ல நிக்க வைக்குது. குழி வெட்டுறவங்களுக்கும் இதே கதைதான். சாக்கடைக்குள்ள இறங்கறவரை எடுத்துக்குங்க. அந்த நாத்தத்துக்குள்ள தெளிவோட யாரால இறங்க முடியும்? பாதுகாப்புக் கருவி இல்லாம ஆளை இறக்கக்கூடாதுன்னு 2013லயே சட்டம் வந்தாச்சு. இன்னும் இறக்குறாங்க, இறங்கறதுக்கு முன்னாடி ஒரு கட்டிங் வாங்கிக் கொடுக்குறாங்க.

நேர்வழி அண்ணே, உங்க வீட்டு இழப்பு எனக்குப் புரியுது. எங்க வீட்டுலயும் அதேதான். ஆனா உங்களைக் கூப்பிட்டவங்க நண்பர்கள். நீங்க மறுத்தா அதிகபட்சம் கேலி பண்ணுவாங்க. எங்க அப்பா மறுத்தப்போ அடுப்பு எரியல. வேண்டாம்னு சொல்ல உங்களுக்கு ஆன செலவும் அவருக்கு ஆன செலவும் ஒண்ணா?

ஓல்டு டவுன் செல்வி

தம்பி, கண்ணு கலங்கிடுச்சு. எங்க வீட்டுச் சாவுலயும் அப்படிக் கொடுத்திருக்காங்க, நானே பார்த்திருக்கேன். அதுல தப்பு இருக்குன்னு எனக்கு யாரும் சொல்லித் தரல.

நேர்வழி

உங்க அப்பா விஷயத்துல எனக்கு மறுத்துப் பேச ஒண்ணுமில்ல. அது கூலித் திருட்டு. அதுக்கு மேல அவமானம்.

ஆனா முள்ளோடைக்கு வண்டி எடுத்துட்டுப் போறவன் கதை வேற. மாசச் சம்பளக்காரன், படிச்சவன். போகலைன்னா அவன் அடுப்பு அணையாது. ரெண்டையும் ஒரே "சமூகம்"ங்கிற பேர்ல போட்டா உங்க அப்பாவுக்குக் கிடைக்க வேண்டிய நியாயத்தை அவன் வந்து வாங்கிட்டுப் போயிடுவான். நான் சொல்ல வர்றது அதுதான்.

குறிஞ்சிப்பாடி மேளம்

அது சரியான பேச்சு அண்ணே.

ஓல்டு டவுன் செல்வி

நான் கடலோரத்துக்காரி. ஊர் பேரு வேண்டாம். கூட்டம் ஆளைக் கெடுக்குங்கிறீங்க, கூட்டமே ஆளை நிறுத்தவும் செய்யும்னு நான் கண்ணால பார்த்திருக்கேன்.

எங்க ஊர்ல குடி தாங்க முடியாமப் போச்சு. கடலுக்குப் போயிட்டு வந்த காசு கரையிலேயே போயிடும். மீன் கூடையைத் தூக்கிக்கிட்டு மார்க்கெட்டுக்குப் போற பொம்பளைங்க எல்லாரும் சேர்ந்து ஊர்ப் பஞ்சாயத்து முன்னாடி உக்காந்தோம். ஊருக்குள்ள எவனும் விக்கக்கூடாது, குடிச்சுட்டுக் கோயில் வாசல்ல, ஏலம் போடுற இடத்துல நிக்கக்கூடாது, மீறினா அபராதம்னு முடிவாச்சு. போலீஸுக்குப் பயப்படாதவனெல்லாம் இதுக்குப் பயந்தான். ஊருக் கூட்டத்துல பேரைச் சொல்லிக் கூப்பிட்டா தலை நிமிர முடியாது. வலைப் பங்கு, கோயில் மரியாதை எல்லாம் ஊரோட கட்டினதாச்சே. கொஞ்ச நாள்லயே ராத்திரி சண்டைச் சத்தம் குறைஞ்சது. பிள்ளைங்க படிக்க முடிஞ்சது.

அதுக்கப்புறம் நடந்ததையும் சொல்லிடறேன். குடிக்கிறவன் ஷேர் ஆட்டோ புடிச்சு வெளியில போய்க் குடிச்சுட்டு வந்தான். வரவழியில ஒரு பையன் வண்டியில அடிபட்டான். அபராதம் கட்டினது யாரு? அவன் கட்டல. பொண்டாட்டி காதுல கிடந்ததை வெச்சுக் கட்டினா. அந்தக் கூட்டத்துல பேசின பொம்பளைங்க நாங்க, ஆனா அபராதம் எவ்வளவுன்னு முடிவு பண்ண இடத்துல ஒரு பொம்பளையும் இல்ல. நாங்க உக்காந்திருந்தா அந்தத் தொகையை அவன் பங்குலேர்ந்து நேராப் புடிச்சிருப்போம்.

உப்பனாறு

செல்வி அம்மா சொன்னதோடு ஒரு கவலையையும் சேர்க்கிறேன். ஊர் கட்டுப்பாடு என்ற அதே ஆயுதம்தான் சாதி மாறிக் கல்யாணம் செய்தவர்களை விலக்கி வைக்கவும் பயன்படுகிறது. சமூகப் புறக்கணிப்புக்கு எதிராக மகாராஷ்டிரத்தில் 2016இல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். குடியை நிறுத்திய ஊர் நாளை எதை நிறுத்தும் என்பது அந்தக் கூட்டத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

ஓல்டு டவுன் செல்வி

அது தெரியாம இல்ல சார். அதை அனுபவிச்ச வீடும் எங்க ஊர்ல இருக்கு. அதனாலதான் பொம்பளைங்க உக்காரணும்ங்கிறேன்.

இரவுப்பணி செவிலி

அரசு மருத்துவமனை வார்டில் வேலை பார்ப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கே எல்லாரும் "விட வேண்டும்" என்று பேசுகிறீர்கள். பல வருடமாகத் தினமும் குடிப்பவர் ஒரே நாளில் வைராக்கியமாக நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மையில் ஆரம்பிக்கும். சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு மூன்று நாளில் இல்லாத உருவங்கள் தெரியும், ஆளை அடையாளம் தெரியாமல் பேசுவார்கள். "பேய் பிடிச்சிருக்கு" என்று மந்திரிக்கக் கூட்டிப் போய், அங்கேயே வலிப்பு வந்து, கடைசியில் எங்களிடம் தூக்கி வந்தவர்கள் உண்டு. தினமும் குடிப்பவர் நிறுத்தும்போது மருத்துவர் கண்காணிப்பு வேண்டும். ஜிப்மர் மனநலத் துறையில் இதற்குச் சிகிச்சை இருக்கிறது. 14446 என்ற கட்டணமில்லா எண்ணிலும் வழி கேட்கலாம்.

இனி சமூகத்துக்கு வருகிறேன். வார்டில் இருக்கும் வரைக்கும் பலருக்கு ஆசையே எழுவதில்லை. நன்றாகத் தேறி, சாப்பிட்டு, சிரித்துப் பேசிவிட்டுப் போவார்கள். சில மாதங்களில் அதே ஆள் அதே நிலையில் திரும்பி வருவார். கேட்டால் ஒரே மாதிரிக் கதை. அதே முக்கு, அதே டீக்கடை பெஞ்ச், சாயங்காலம் வரும் அதே நண்பர்கள். சிகிச்சை ஆளுக்குத்தான் நடந்தது, அவர் திரும்பிப் போன தெருவுக்கு நடக்கவில்லை. ஆனால் பழி முழுவதும் அவர் தலையில்.

உப்பனாறு

செவிலி சொன்னதற்குப் பொருத்தமாக ஓர் ஆய்வு உண்டு. வியட்நாம் போரில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஹெராயினுக்கு அடிமையாகியிருந்தார்கள். 1971இல் இது வெளியே தெரிந்ததும் ஊர் திரும்பினால் நாடே கெட்டுவிடும் என்று பயந்தார்கள். லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் திரும்பியவர்களைத் தொடர்ந்து கவனித்தார். அடிமையாகியிருந்தவர்களில் முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் 100க்கு 5 பேர் அளவுதான். பெரும்பாலோர் சிகிச்சைக்கே போகவில்லை. அந்தக் காடும், அந்தப் பயமும், அந்தக் கூட்டாளிகளும் கடல் தாண்டி நின்றுவிட்டன. நம் வார்டிலிருந்து போகிறவருக்கு நிலைமை தலைகீழ். அவர் நேராகப் போர்க்களத்துக்கே திரும்புகிறார்.

இரவுப்பணி செவிலி

அதனால்தான் டிஸ்சார்ஜ் ஆகும்போது நான் வீட்டாரிடம் பேசுவேன். "குடிக்காதே" என்று தினமும் சொல்லிக்கொண்டிருப்பதால் பலன் குறைவு. சாயங்காலம் ஆறு முதல் ஒன்பது வரை அவர் எங்கே இருப்பார், யாரோடு இருப்பார் என்று இப்போதே முடிவு செய்யுங்கள் என்பேன். மகளை டியூஷனிலிருந்து கூட்டி வரும் வேலை கொடுத்தே தேறியவர்களைப் பார்த்திருக்கிறேன். குழந்தை காத்துக்கொண்டிருக்கிறது என்ற நினைப்புக்கு அவ்வளவு பிடிமானம்.

இன்னொன்று. மரக்காணத்தில் 2023 மே மாதமும் கள்ளக்குறிச்சியில் 2024 ஜூன் மாதமும் விஷச் சாராயம் குடித்துப் பலர் இறந்தார்கள். செய்தி கேட்டவர்கள் "தெரிஞ்சே போய்க் குடிச்சான், சாகட்டும்" என்று எழுதினார்கள். மெத்தனால் கலந்தது என்று யாரும் தெரிந்து குடிக்கவில்லை. அது உடம்பில் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைக் கெடுக்கும், ரத்தத்தில் அமிலத்தன்மையைக் கூட்டும். கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பாலும் கூலிக்காரர்கள். டாஸ்மாக் பாட்டில் வாங்க முடியாதவர்களுக்குப் பக்கத்துத் தெருவில் பாக்கெட் கிடைத்தது. அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்லுமுன், தேர்ந்தெடுக்க அவர்கள் முன் என்ன இருந்தது என்று பாருங்கள்.

புதுப்பையன்

எல்லாருக்கும் வணக்கம், நான் இந்த இழைக்காகவே கணக்கு தொடங்கினேன். படிப்பு முடிச்சு இப்போதான் ஒரு கம்பெனியில சேர்ந்திருக்கேன். எங்க டீம்ல சம்பளம் வந்த முதல் சனிக்கிழமை பாண்டி போறது வழக்கம். நான் குடிக்கிறதில்ல, குடிக்கவும் விருப்பம் இல்ல. ஆனா போகாம இருக்கவும் முடியல. அடுத்த மாச ஷிப்ட் யாருக்கு எது, யாரை எந்த மெஷினுக்குப் போடுறது, எல்லாம் அங்க பேசித்தான் முடிவாகுது. திங்கக்கிழமை வந்து பார்த்தா நான் மட்டும் தொடர்ந்து நைட் ஷிப்ட். குடிக்காதவனைக் கொஞ்சம் சந்தேகமாவும் பார்க்கிறாங்க, மேல போய்ச் சொல்லிடுவானோன்னு. நான் என்ன செய்யணும்?

பாகூர் ஏரிக்கரை

தம்பி, சுலபமான வழி. "நான்தான் வண்டி ஓட்டுறேன்"னு சொல்லிடு. 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம் தாண்டினாலே கேஸு, ஆல்பேட்டையில ஊதச் சொன்னா எல்லாருக்கும் சிக்கல். ஓட்டுற ஆளை யாரும் கட்டாயப்படுத்த மாட்டாங்க. சொல்லப்போனா நீ வந்தாத்தான் நல்லதுன்னு கூப்பிடுவாங்க.

பெண்ணையாற்றங்கரை

மாத்திரை சாப்பிடறேன், கோயிலுக்கு மாலை போட்டிருக்கேன்னு சொல்றவங்களும் இருக்காங்க. அதுவும் ஓடும்.

நேர்வழி

எனக்கு இது உடன்பாடில்ல. மாத்திரை முடிஞ்சதும்? மாலையைக் கழட்டினதும்? சாக்கு சொல்லும்போதெல்லாம், காரணம் இல்லாட்டி நானும் குடிப்பேன்னுதான் நாம ஒத்துக்கிறோம். மேசையில குடிக்கிறதுதான் வழக்கம், நான் இன்னைக்கு மட்டும் விலக்குன்னு ஆயிடுது. உப்பனாறு சார் சொன்ன அந்த அறையில, பக்கத்துல தவிச்சுக்கிட்டு இருக்கிற இன்னொருத்தனுக்கு அந்தச் சாக்கால ஒரு உதவியும் இல்ல. அவன்கிட்ட மாத்திரை இல்லையே.

போ தம்பி. முதல் ஆளா உக்காரு. "நான் குடிக்கிறதில்ல"ன்னு ஒரே ஒரு தடவை, சிரிச்ச முகத்தோட, காரணம் சொல்லாமச் சொல்லு. விளக்கம் கேட்டாலும் அதே வாக்கியம்தான். அதோட நிறுத்திக்க, குடிக்கிறவங்களுக்கு உபதேசம் பண்ணாத. பரோட்டாவைச் சொல்லு, பேசு, கடைசிவரை இரு. நான் முதல்ல போகாமலேயே ஒதுங்கினவன், அதுல எனக்கு நிம்மதி இருந்தது. ஆனா நான் இல்லாத அந்த மேசையில எத்தனை பேர் வேற வழியில்லாம எடுத்தாங்களோ, அது எனக்குத் தெரியாது.

உப்பனாறு

நேர்வழி சொல்வதை ஏற்கிறேன். ஆனால் வேலை நிரந்தரமாகாத ஒருவரிடம் முழுச் சுமையையும் வைக்க வேண்டாம். முதல் இரண்டு மாதம் வண்டிச் சாவியை வைத்துக்கொள்ளட்டும், தவறில்லை. மேளம் சொன்னாரே, மறுப்பதற்கு ஆகும் செலவு எல்லாருக்கும் ஒன்றல்ல. ஷிப்ட் பட்டியல் சனிக்கிழமை மேசையில் முடிவாகிறது என்பதுதான் இங்கே உண்மையான கோளாறு. அதைத் தொழிற்சங்கத்தில் எழுப்ப வேண்டியவர்கள் பழைய ஆட்கள். பட்டியலைச் சுழற்சி முறையில் போட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொல்லிக் கேளுங்கள். குடியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேச வேண்டியதில்லை.

நேர்வழி

புதுப்பையன், எந்தக் கம்பெனின்னு இங்க எழுத வேண்டாம். தனி மடல் அனுப்பு. சங்கத்துல எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க, உன் பேரு வெளியில வராமப் பேசலாம்.

புதுப்பையன்

அனுப்பிட்டேன் அண்ணா. ரொம்ப நன்றி. இன்னொரு விஷயம், எங்க டீம்ல இன்னொருத்தரும் கிளாஸைக் கையில வெச்சுக்கிட்டே இருப்பார், குறையவே குறையாது. இதைப் படிச்சதும்தான் அவர் ஞாபகம் வந்தது. அடுத்த தடவை அவர் பக்கத்துல உக்காருவேன்.

பெண்ணையாற்றங்கரை

மேளம் தம்பிகிட்ட ஒண்ணு கேக்கணும். என் மாமனார் ஊர் நெல்லிக்குப்பம் பக்கம். அங்க சாவு காரியம்னா பாட்டில் கொடுக்கிற வழக்கம் இன்னும் இருக்கு. வீட்டுல பெரியவர் ஒருத்தர் முடியாம இருக்கார். அந்த நேரம் வந்தா நான்தான் முன்னாடி நின்னு பார்க்கணும். பாட்டில் வேண்டாம், பணமாக் கொடுக்கணும்னு எனக்கு இப்போ தெளிவாயிடுச்சு. ஆனா பங்காளிங்க சம்மதிக்கணும், அடிக்க வர்றவங்களும் தப்பா நினைக்கக்கூடாது. எப்படிச் செய்யறது?

குறிஞ்சிப்பாடி மேளம்

கேட்டதுக்கு நன்றி அண்ணே. எங்க செட்டுல இப்போ நாங்களே பணம் மட்டும்தான்னு வெச்சுட்டோம். ஆரம்பத்துல ரெண்டு மூணு ஊர்ல ஒத்துக்கல, "அப்போ தொகையைக் குறைச்சுக்க"ன்னாங்க. பாட்டிலுக்குச் செலவு பண்ற காசைக் கணக்குப் போட்டுக் காட்டினோம். சில வீட்டுல புரிஞ்சுது, சில வீட்டுல இன்னும் கூப்பிடறதில்ல.

நீங்க செய்ய வேண்டியது இதுதான். கூப்பிட வரும்போதே மொத்தத் தொகையைப் பேசிடுங்க. பாட்டிலுக்குன்னு பங்காளிங்க ஒதுக்குற பணத்தை அதோட சேர்த்துச் சொல்லுங்க, அப்போ செலவு கூடுதுன்னு அவங்க சண்டை போட மாட்டாங்க. வந்தவங்ககிட்ட "எங்க வீட்டுல சரக்கு கொடுக்கிறதில்ல, கூலியா முழுசாக் கொடுக்கறோம்"னு நேரா, மரியாதையாச் சொல்லுங்க. யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க, பல பேர் இதை யாராவது சொல்ல மாட்டாங்களான்னுதான் இருக்காங்க. காலையில டீ, டிபன், மதியம் சாப்பாடு. மத்தவங்களுக்குப் போடற அதே இலையில, அதே பந்தியில போடுங்க. வெயில்ல நின்னு அடிக்கிறாங்க, மோரும் தண்ணியும் பக்கத்துல இருக்கட்டும். நிக்க நிழலுக்கு ஒரு பந்தல் மூலை கொடுங்க. சுடுகாட்டுலேர்ந்து திரும்பினதும் பணத்தை எண்ணி, செட்டு மூத்தவர் கையில நேராக் கொடுங்க. வேற ஆள் மூலமா அனுப்பாதீங்க, வழியில குறையும்.

ஆள் வேணும்னா தனி மடல்ல சொல்லுங்க, எங்க செட்டு வரும்.